ஹாம்ஸ்டர்னு வாங்கினது, வால் நீளமா இருக்கு: இது என்ன எலி?

வியாசர்பாடி வாசி:
ஹாம்ஸ்டர்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. ஆனா வால் உடம்பு நீளத்துக்கு இருக்கு, நுனியில கருப்பா முடிக்கொத்து. மணல் நிறம், வயிறு வெளுப்பு. திடீர்னு சத்தம் கேட்டா பின்னங்காலால தரையைத் தடதடன்னு தட்டுது. பாலைவனத்து ஜெர்போவான்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்றான். இப்ப முடியெல்லாம் பிசுபிசுன்னு குத்திட்டு நிக்குது, வயித்து நடுவுல நீளமா முடியில்லாத மஞ்சள் தழும்பு வேற. நோயா? பயமா இருக்கு.

கொளத்தூர் மீன்தொட்டி:
ஜெர்பில் ப்ரோ, மங்கோலிய ஜெர்பில். ஹாம்ஸ்டருக்கு வால் குட்டை, கன்னத்துல பை இருக்கும். ஜெர்போவா பின்னங்கால் ரெண்டுலயே தத்திப் போகும்.

தழும்பு நோயில்ல, வாசனைச் சுரப்பி. அதைத் தரையில தேய்ச்சுத்தான் தன் எல்லையைக் குறிக்கும். கட்டியா வீங்கினாலோ ரத்தம் கசிஞ்சாலோ உடனே கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.

வாலைப் பிடிச்சு மட்டும் தூக்காதீங்க! தோல் அப்படியே உருவிக்கிட்டு வந்துடும், எலும்பு வெளிய தெரியும். அந்த இடம் காய்ஞ்சு விழுந்துட்டா திரும்ப வளராது.

தண்டையார்பேட்டை விலங்கியல்:
அறிவியல் பேரு மெரியோனஸ் உங்குயிகுலாடஸ். பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் தாவித் வட சீனாவுல சேகரிச்சு அனுப்பினதை வெச்சு பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ் 1867-ல பேர் வெச்சார். வீட்டுச் சுண்டெலி இருக்கிற மியூரிடே குடும்பம்தான், அதுல ஜெர்பில்கள் தனி துணைக்குடும்பம். ஹாம்ஸ்டரும் ஜெர்போவாவும் வேற வேற குடும்பம். நம்ம ஊர்ல இருளர்கள் வளையைத் தோண்டிப் பிடிக்கிற வெள்ளெலியும் ஜெர்பில்தான். தார் பாலைவனத்துல பகல்ல சுத்துற மெரியோனஸ் ஹரியானே இன்னும் நெருங்கின சொந்தம், ஒரே பேரினம்.

முடி பிசுபிசுப்புக்குக் காரணம் நம்ம ஊர்க் காத்து. வறண்ட புல்வெளியில வாழ்ந்த உடம்பு அது, சிறுநீரைக்கூட கெட்டியாக்கித் தண்ணியை மிச்சம் பிடிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினாலே முடி இப்படி ஆகும். காத்தோட்டமான இடத்துல வெச்சு, மணல் குளியல் குடுங்க, அதாவது புரண்டு சுத்தம் பண்ணிக்க மணல் போட்டு வைங்க.

வியாசர்பாடி வாசி:
ரொம்ப நன்றிங்க! காசிமேட்டுக் கடற்கரை மணல் போடலாமா?

தண்டையார்பேட்டை விலங்கியல்:
வேணாம். உப்பு இருக்கிறதால ஈரத்தை இழுக்கும். ஆத்து மணலைக் கழுவி, வெயில்ல நல்லா காயவெச்சு, தூசி போகச் சலிச்சுப் போடுங்க. நனைஞ்ச மணலை அப்பப்ப எடுத்துடுங்க.

கொளத்தூர் மீன்தொட்டி:
தனியாவா இருக்கு? கூட்டமா வாழ்ற பிராணி அது. ஆனா புதுசா ஒண்ணை நேரா உள்ள விட்டா கடிச்சே கொன்னுடும். தொட்டி நடுவுல கம்பி வலை வெச்சு, ரெண்டும் வாசனை பழகின பிறகு சேர்த்து விடுங்க.