கலைச்சொல் வேண்டும்: டாங்கி மாதிரிகளில் ‘வெதரிங்’

மல்லிகா:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப்போர் டாங்கிகளின் பிளாஸ்டிக் மாதிரிகளை ஒட்டி வண்ணம் தீட்டுவது பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பயிற்சி வகுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

வெட்டுவது, ஒட்டுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, அடிப்பூச்சு, மேல்பூச்சு வரை சிக்கலில்லை. ‘வெதரிங்’ வந்த இடத்தில் நின்றுவிட்டேன். புதிதாகப் பூசிய மாதிரியின் மேல் புழுதி, சேறு, துரு, எண்ணெய்க் கறை, பெயிண்ட் உரிந்த தடம் எல்லாம் இருப்பதுபோலக் காட்டும் வேலை அது. புவியியல் பாடத்தில் வரும் ‘வானிலைச் சிதைவு’ என்று போட்டுப் பார்த்தேன். ‘இப்போது டாங்கியை வானிலைச் சிதைவுக்கு உட்படுத்தவும்’ என்று வாக்கியம் வந்தது. பிள்ளைகள் அதை வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

‘வாஷ்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘கழுவுக’ என்றால் குழாயடிக்கே போய்விடுவார்கள்.

நடராசன்:

அன்புள்ள மல்லிகா, முதலில் ‘டாங்கி’யை விடுங்கள். டகரம் மொழிக்கு முதலில் வராது. ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ என்ற தொல்காப்பியர், ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் சலுகை தந்திருப்பாரா? ‘தகரி’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

வெதரிங்குக்கு ‘மூப்பேற்றல்’ என்பது என் பரிந்துரை. மெருகேற்றல், வண்ணமேற்றல் போல இதுவும் இயல்பாக அமையும். மூ, மூப்பு, முது, முதிர், முற்று என்று ஒரே வேரில் ஒரு குடும்பமே இருக்கிறது. முந்து, முன், முகம், முனை எல்லாம் இதோடு உறவுடையவை என்பது என் கருத்து. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

யோகன்:

தகரி என்றால் தகரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது ஐயா. கவச உருக்கைத் தகரம் என்றால் பொருந்துமா?

இலங்கையில் எங்களிடம் அது ‘யுத்த தாங்கி’. தண்ணீர் வைப்பதும் தாங்கிதான். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் கதை அதுவேதான். முதலாம் உலகப்போரில் பிரிட்டன் இதை உருவாக்கியபோது, இரகசியம் வெளியே போகாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று சொம் போர்முனையில் அது களமிறங்கிய பிறகும் மறைபெயரே நிலைத்துவிட்டது.

கிருஷ்ணன்:

யோகன் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். ‘தாங்கல்’ என்றால் சிறு ஏரி, நீர்நிலை. நீரைத் தாங்குவதால் தாங்கல். ஆங்கிலச் சொல்லே இங்கிருந்து போனதுதான் என்று நான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். ஒலியும் பொருளும் ஒருசேர ஒத்துவருவது தற்செயலாக இருக்க முடியுமா?

செல்வி:

இருக்க முடியும் ஐயா. நீரைத் தேக்குவது என்ற பொருளுள்ள போர்த்துகீசியச் சொல்லோடு அகராதிகள் அதை இணைக்கின்றன. குஜராத்தி, மராத்தியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தாங்கலை அங்கே யாரும் கண்டதாகத் தெரியவில்லை. இதை அப்புறம் பேசலாம், மல்லிகாவுக்குத் திங்கட்கிழமை கெடு.

‘வாஷ்’ என்பது என்ன செய்கிறது? எனாமல் வண்ணத்தைத் தின்னர் விட்டு நன்றாக நீர்க்கவைத்து, தூரிகை நுனியில் எடுத்து ஒரு ஆணித்தலையின் ஓரத்தில் வைத்தால், அது தானாகவே ஓடி ஆணியைச் சுற்றிக் கருவளையம் போட்டு நிற்கும். தகடும் தகடும் சேரும் கோட்டில் வைத்தால் கோடு முழுக்க ஓடும். மேலே சிந்தியதைக் கொஞ்ச நேரம் கழித்துத் தின்னரில் நனைத்த தூரிகையால் துடைத்துவிடலாம், இடுக்கில் போனது தங்கிவிடும். அதனால் ‘இடுக்குமை’. செயலைச் சொல்ல, ‘இடுக்குமை விடுக’.

நடராசன்:

இடுக்குமை அருமை. மறுப்பில்லை.

பாஸ்கர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலக்கணம் படித்தவனில்லை, டாங்கி மாதிரி செய்பவன். எங்களுக்குள் ‘வெதரிங்’ என்றே சொல்லிக்கொள்கிறோம், யாருக்கும் புரியாமல் போனதில்லை. இருந்தாலும் ‘மூப்பு’ மட்டும் வேண்டாம்.

அந்த டாங்கிகளில் பல கிழவனாகும்வரை வாழவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்து சில மாதங்களில் எரிந்துபோனவையே ஏராளம். புதிதாகச் செய்பவர்கள் உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் துரு அடித்துவிடுகிறார்கள். பார்த்தால் நாற்பது வருஷம் காயலான் கடையில் கிடந்த மாதிரி இருக்கும். தடச்சங்கிலி துருப்பிடிக்கும், சரி. அதுகூட ஓடிக்கொண்டிருந்தால் தரையில் படும் பக்கம் தேய்ந்து பளபளக்கும். புகைபோக்கியும் துருப்பிடிக்கும். கவசத் தகட்டில் பெயிண்ட் உரிந்தால் முதலில் தெரிவது பெரும்பாலும் அடிப்பூச்சுதான். ஜெர்மன் வண்டிகளில் அது செங்காவி நிறம். ‘மூப்பேற்றல்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் துருவை அள்ளிப் பூசிவிட்டு வருவார்கள்.

இளங்கோ:

பெயிண்ட் உரிந்த தடத்துக்குச் சொல் தேட வேண்டாம், ‘விழுப்புண்’ இருக்கிறதே! முன்தகட்டில் பட்டால் விழுப்புண், பின்தகட்டில் பட்டால் புறப்புண். ஜெர்மனியின் பாந்தர் டாங்கியைச் செய்தவர்களும் புறநானூறு படித்திருப்பார்கள் போல: சாய்ந்த முன்தகடு 80 மில்லிமீட்டர், பின்தகடு அதில் பாதி. முதுகைக் காட்டாதே என்று எஃகிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பாஸ்கர்:

நன்றாகச் சிரித்தேன் இளங்கோ. ஆனால் பெயிண்ட் அதிகம் உரிவது குண்டு பட்டு இல்லை, செருப்புக் காலால். வீரர்கள் ஏறி இறங்கும் இடம், மேல்மூடியின் விளிம்பு, சக்கரக்காப்பின் ஓரம், மண்வெட்டியும் கோடரியும் மாட்டியிருக்கும் இடம், அங்கெல்லாம்தான். பஞ்சு ஒன்றைச் சிறு துண்டாகப் பிய்த்து, அடர்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு, அந்த விளிம்புகளில் மட்டும் மெல்ல ஒற்ற வேண்டும். ஒவ்வொரு ஒற்றுக்கும் பஞ்சைத் திருப்பிக்கொள்ளவும். இல்லாவிட்டால் ஒரே வடிவப் புள்ளி வரிசையாக விழுந்து, முத்திரை குத்தியது போலாகிவிடும்.

நடராசன்:

பாஸ்கர் தம்பி சொல்வதை ஏற்கிறேன். மூப்பை விட்டுவிடுவோம். களத்தில் உழன்ற தோற்றம்தானே வேண்டும்? ‘களப்பூச்சு’ என்று வைத்துக்கொள்வோம். களம் சங்கச் சொல், பூச்சு எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்கர்:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒன்று இருக்கிறது. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் படை அடர்சாம்பலை விட்டு அடர்மஞ்சளுக்கு மாறியது. தொழிற்சாலையில் மஞ்சள் மட்டும் அடித்து அனுப்புவார்கள். பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் வரும். அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, இருக்கும் இடத்துக்கு ஏற்ப வீரர்களே வண்டிமேல் அடித்துக்கொள்வார்கள். அதனால்தான் இரண்டு வண்டிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. களப்பூச்சு என்றால் அதுதான் களப்பூச்சு. கையேட்டிலேயே உருமறைப்பு அத்தியாயத்தில் அது வந்துவிடும், குழம்பிப்போகும்.

மல்லிகா:

‘தேய்மானம்’ என்று போட்டுவிடலாமா? நாளை சனிக்கிழமை.

செல்வி:

தேய்மானம் கணக்குப்பதிவியலில் போய் உட்கார்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய குறை, அது தன்வினையின் வழியில் நிற்கிறது. பொருள் தானே தேய்கிறது. பாறையும் தானே சிதைகிறது. இங்கே மாதிரி தேயவே இல்லை. தேய்ந்ததுபோல ஒருவர் தீட்டுகிறார். ‘ஏற்றல்’ என்று நடராசன் ஐயா பிறவினையில் தொடங்கியது சரியான வழி. ஏற்றுவது எதை என்பதில்தான் சறுக்கல்.

‘பூச்சு’ம் முழுக்கப் பொருந்தாது. புழுதிக்குத் தூளைத் தூவுகிறார்கள். இன்னொரு முறையில் அடிப்பூச்சின் மேல் ஹேர்ஸ்பிரே அடித்து, அது காய்ந்ததும் மேல்வண்ணம் அடித்து, அப்புறம் ஈரத் தூரிகையால் சுரண்டி எடுக்கிறார்கள். அங்கே நடப்பது பூசுவது இல்லை, உரிப்பது. இதையெல்லாம் அடக்க ‘ஒப்பனை’ சரியாக வரும். அது வேஷம் என்பதையும் சொல்லிவிடும். எதைப்போல ஒப்பனை? புழங்கிய பொருளைப்போல. ஆகவே ‘புழக்க ஒப்பனை’.

பாஸ்கர்:

இது நன்றாக இருக்கிறது. ‘புழங்கின மாதிரி ஆக்கு’ என்றுதான் புதிதாக வருபவர்களிடம் நானே சொல்வேன். துருவை அள்ளிப் பூசவும் தூண்டாது.

கிருஷ்ணன்:

புழங்கு என்பது ‘வழங்கு’ திரிந்தது. அப்படியானால் மூலச்சொல்லாகிய ‘வழக்கம்’ என்பதையே ஆளலாமே?

நடராசன்:

வழங்கு அல்ல, ‘பழகு’. பழகு, பழக்கம், புழக்கம். பழ என்ற அடியில் பழமையும் ஒளிந்திருக்கிறது. ஆக நான் சொன்ன மூப்புக்கே பின்வாசல் வழியாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

யோகன்:

வழக்கமோ பழக்கமோ, புழக்கத்துக்கு என் ஆதரவு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

இளங்கோ:

எனக்கும் சம்மதம். விழுப்புண்ணை அடிக்குறிப்பிலாவது சேர்க்கலாம்.

மல்லிகா:

எல்லோருக்கும் நன்றி. ‘புழக்க ஒப்பனை’, ‘இடுக்குமை’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் பக்கத்திலேயே ‘வெதரிங்’, ‘வாஷ்’ என்று தமிழ் எழுத்தில் இருக்கும், கடையில் கேட்கும்போது பிள்ளைகளுக்குத் தேவைப்படும். டாங்கி டாங்கியாகவே போகிறது. மன்னிக்கவும் நடராசன் ஐயா.

நடராசன்:

பெரும்பான்மை முடிவுக்குக் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் ‘புழக்க ஒப்பனை’ என்று பிரித்து எழுதினால் அது இரண்டு சொல், கலைச்சொல் ஆகாது. வகர உடம்படுமெய் பெற்றுப் ‘புழக்கவொப்பனை’ என்றே அச்சில் வர வேண்டும்.

செல்வி:

பள்ளிப் பிள்ளைகள் ஐயா. பிரித்தே இருக்கட்டும்.

நடராசன்:

என் மறுப்பைப் பதிவு செய்துவிட்டேன். டகர முதல் பற்றிய மறுப்பும் அப்படியே நிற்கிறது.