எம்டிஎஃப் 1-ஐத் தாண்டுது, ஏன்?

அரைவட்டம்: அவசரம். 50 எம்எம் லென்ஸுக்கு எம்டிஎஃப் (கோடுகள் நெருங்க நெருங்க எவ்வளவு கான்ட்ராஸ்ட் மிஞ்சுதுங்கிற அளவு) எடுக்கிறேன், லேசா சாய்ஞ்ச கறுப்பு-வெள்ளை விளிம்பைப் படம் எடுத்துக் கணக்குப் போடுற சாய்ந்த விளிம்பு முறைதான். கிராஃப் 1-ல ஆரம்பிச்சு, இறங்காம 1.2 வரை ஏறிட்டு அப்புறம்தான் கீழ வருது. இல்லாத கான்ட்ராஸ்ட்டை லென்ஸ் எப்படிக் கூட்டும்? நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும்.

கீற்று: எந்த அபெர்ச்சர்? ராவா (கேமரா மெருகேத்தாத சென்சார் தரவு), ஜேபெக்கா? விளிம்பு எத்தனை டிகிரி சாய்வு? கிராஃபையும் போடுங்க.

முக்காலி: ட்ரைபாட் ஆடியிருக்கும். டைமர் வெச்சு எடுங்க. எம்டிஎஃப் தொல்லையில பாதி அதிர்வாலதான்.

கீற்று: ஆடினா வளைவு கீழதானே போகும்? மேல எப்படிங்க ஏறும்?

முக்காலி: எதுக்கும் டைமர் வெச்சுப் பாக்கட்டும்.

நோக்கர்: இதை இங்க எத்தனை தடவைதான் எழுதுறது? தேடிப் பாக்கிற பழக்கமே போச்சு. 1-ஐத் தாண்டுதுன்னா ஷார்ப்பனிங். ஜேபெக் ஆக்கும்போதே கேமரா, விளிம்போட கறுப்புப் பக்கம் இன்னும் கறுப்பா, வெள்ளைப் பக்கம் இன்னும் வெளுப்பா ஒரு கரை கட்டிடும். 400 சதவீதம் பெருசாக்கினா கண்ணுக்கே தெரியும். விளிம்பை வகையிட்டு, அதிர்வெண் வாரியாப் பிரிக்கிற ஃபூரியர் கணக்குப் போடுறப்ப அந்தக் கரைதான் மேடா நிக்குது. நீங்க அளந்தது கேமரா சாஃப்ட்வேரை, லென்ஸை இல்ல. ராவ் எடுங்க, காமா (பிரகாச அளவை வளைக்கிற திருத்தம்) போடாதீங்க, பச்சை பிக்சல் மட்டும் போதும்.

கீற்று: ராவ்லயும் சென்சார் சேர்ந்துதான் வரும். ரிப்போர்ட்ல அதைச் சொல்லிடுங்க.

கோடுபட்டை: எதுக்கு இவ்வளவு பாடு? 1951 யுஎஸ்ஏஎஃப் அட்டையை, அதான் மூணு மூணு கோடா படிப்படியா சின்னதாகிற சோதனை அட்டையை, படம் எடுங்க. உச்சத்துல இருந்து தாழ்வைக் கழிச்சு, அந்த ரெண்டையும் கூட்டி வர்றதால வகுத்தா முடிஞ்சது.

நோக்கர்: அது சட்டுனு கறுப்பு-வெள்ளையா மாறுற சதுர அலை. எம்டிஎஃப் வழவழன்னு மாறுற சைன் அலைக்கு. வெட்டு அதிர்வெண்ல (கான்ட்ராஸ்ட் பூஜ்யமாகிற இடம்) மூணுல ஒரு பங்கைத் தாண்டினா உங்க அட்டை 4/π மடங்கு, கிட்டத்தட்ட 1.27 மடங்கு, கூடக் காட்டும்.

கோடுபட்டை: அப்போ அவரோட 1.2-உம் அதுதானோ?

நோக்கர்: அவர் எடுத்தது விளிம்பு, கோடு இல்ல. மேல படிச்சுட்டு வாங்க.

அரைவட்டம்: ராவ்ல போட்டேன், மேடு போயிடுச்சு. எஃப்/5.6. நன்றி.

கீற்று: எம்டிஎஃப்50 (கான்ட்ராஸ்ட் பாதியாகிற அதிர்வெண்) எவ்வளவு வந்துச்சு? சாய்வு?

முக்காலி: டைமர் வெச்சீங்களா?

கோடுபட்டை: ஆள் போயாச்சு. நோக்கர், சதுர அலையை சைனுக்கு மாத்த கோல்ட்மன் 1954-லயே சூத்திரம் குடுத்துட்டார், தெரியும்ல?

நோக்கர்: தெரியும். அதுக்கு மூணு மடங்கு, அஞ்சு மடங்கு அதிர்வெண்லயும் அளக்கணும். உங்க அட்டையில படிக்குப் படி அதிர்வெண் 2-ன் ஆறாம் மூலம் மடங்குதான் கூடுது. சரியா மூணு மடங்கு எங்க கிடைக்குது, சொல்லுங்க.