கிரவுண்ட் ஃப்ளோர் தரைக்கு லேமினேட்டா டைல்ஸா? (கொருக்குப்பேட்டை)

கொருக்குப்பேட்டை பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுது கீழ் வீடு, தாத்தா காலத்து செகப்பு ஆக்சைடு தரை. ஹால்ல வெடிப்பு விட்டு பேந்து வருது, செவுத்தோரமா வெள்ளையா உப்பு பூக்குது. 2023 மிக்ஜாம் புயல்ல கணுக்கால் அளவு தண்ணி உள்ள வந்துச்சு. பொங்கலுக்குள்ள தரைய மாத்தணும், தங்கச்சி மரம் மாதிரி இருக்குற லேமினேட் தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, கடைக்காரரும் ஒரே நாள்ல போட்டுடலாம்ங்கறாரு. அம்மாவுக்கு முட்டி வலி, வழுக்கவே கூடாது. ஹால் 10க்கு 12 அடி. என்ன போடலாம், பழைய தரைய உடைக்கணுமா?

தண்டையார்பேட்டை டைல்ஸ் வேல:
தம்பி, லேமினேட் வேணவே வேணாம். அதுக்குள்ள இருக்கறது மரநார அழுத்தி செஞ்ச பலக, தண்ணி நின்னா ஓரமெல்லாம் உப்பிக்கும், அப்புறம் சரியாவாது. எஸ்பிசி (கல்லுப்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்து செஞ்ச பலக) தண்ணில ஊறாது, ஆனா வெள்ளம் அடில பூந்துச்சுன்னா காயாம நாத்தம் அடிக்கும், மொத்தத்தயும் கழட்டணும். நம்ம ஏரியா கீழ் வீட்டுக்கு மேட் ஃபினிஷ் (பளபளப்பு இல்லாத) விட்ரிஃபைடு டைல்ஸ் தான். அது 0.5 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்காது, சாதா செராமிக் அதவிட பல மடங்கு குடிக்கும்.

ஆனா டைல்ஸ விட முக்கியம் கீழ இருக்குற ஈரம். ஒரு பாலிதீன் ஷீட்ட தரைல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. எடுத்தா அடில முத்து முத்தா தண்ணி இருந்துச்சுன்னா மேல என்ன போட்டாலும் வீண், உடைச்சு வாட்டர் ப்ரூஃபிங் பண்ணிட்டு தான் போடணும். பேந்து வர்ற தரை மேல அப்படியே ஒட்டவும் கூடாது.

ராயபுரம் அக்கா:
மேஸ்திரி சொல்றது சரிப்பா. நான் ஒண்ணு சொல்றேன், கலவைக்கு போர் தண்ணி ஊத்த விடாத, நம்ம பக்கம் உப்பு, மெட்ரோ தண்ணி பிடிச்சு வச்சுக் குடு. எங்க வீட்ல வேல செஞ்சவங்க நாலு மூலைல மட்டும் கலவைய வச்சு ஒட்டிட்டுப் போய்ட்டாங்க, நடுவுல பொக்க, சிலிண்டர இறக்குனதும் ஒரு டைல்ஸ் வெடிச்சிடுச்சு. ஒட்டி காஞ்சதும் ஒவ்வொண்ணா ஒரு ரூபா காசால தட்டிப் பாரு, டொக் டொக்னு கேட்டா அங்கயே எடுக்கச் சொல்லு. பணத்த முழுசா குடுக்குறதுக்கு முன்னாடியே தட்டணும்.

கொருக்குப்பேட்டை பையன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. தங்கச்சிகிட்ட பேசிட்டேன், மர டிசைன்லயே விட்ரிஃபைடு இருக்குன்னதும் ஒத்துக்கிட்டா. 2க்கு 2 அடி டைல்ஸ் எத்தன பெட்டி வாங்கணும்?

தண்டையார்பேட்டை டைல்ஸ் வேல:
பெட்டிக்கு 4 டைல்ஸ், 16 சதுர அடின்னு சொல்லுவாங்க, 60 சென்டிமீட்டர் டைல்ஸா இருந்தா நெசமா 15.5 தான். உனக்கு 120 சதுர அடி, வெட்டுறதுல போற சேதாரம் 10 சதவீதம் சேத்தா 132, அப்போ 9 பெட்டி. ஸ்கர்ட்டிங்குக்கு (செவுத்தோட அடில ஒட்டுற பட்டை) தனியா கணக்கு பண்ணு. எல்லா பெட்டிலயும் பேட்ச் நம்பரும் ஷேடும் ஒண்ணா இருக்கான்னு கடையிலயே பாரு. டைல்ஸுக்கு நடுவுல 2 எம்எம் ஸ்பேசர் கண்டிப்பா வைக்கணும், இடமே விடாம ஒட்டச் சொல்றவங்க பேச்ச கேக்காத.

ராயபுரம் அக்கா:
உள் ரூம்ல செகப்பு தரை நல்லா இருந்தா அத உடைக்காதப்பா, அந்த மாதிரி வழவழன்னு போட இப்ப ஆளே கெடைக்கறது கஷ்டம். பளபளப்புக்குன்னு எண்ணெய் மட்டும் தடவாத, அம்மா நடக்குற எடம்.