புதுப்பிப்பு: கோட் முறையில் திருத்தியது சேமிக்கப்படாத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: வலைப்பக்கத்துக்குள் பதித்த ஜேசன்எடிட்டரில் (ஜேசன் வடிவத் தரவைத் திருத்தும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி), தரவைக் கிளைகளாகக் காட்டும் ட்ரீ முறையில் மாற்றினால் சேமிக்கிறது, வெறும் உரையாகத் திருத்தும் கோட் முறைக்குப் போனால் ஒன்றுமே நடக்கவில்லை, எர்ரரும் இல்லை என்று.

தப்பு என்னுடையதுதான். திருத்தம் நடந்ததும் எடிட்டர் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனாக நான் கொடுத்திருந்தது ஆன்சேஞ்ச்ஜேசன் (onChangeJSON); திருத்திய தரவை ஜேசனாகவே தருவது. அது ட்ரீ, ஃபார்ம், வியூ முறைகளுக்கு மட்டுமே. கோட், டெக்ஸ்ட் முறைகளில் அது கூப்பிடப்படாது. யோசித்தால் நியாயம்தான், பாதி தட்டிய நிலையில் ஒரு அடைப்புக்குறி குறைந்தாலே அது ஜேசன் இல்லையே! தரவை உரையாகத் தரும் ஆன்சேஞ்ச்டெக்ஸ்ட் (onChangeText) என்று மாற்றி, வரும் எழுத்துச் சரத்தை ட்ரை-கேட்ச்சுக்குள் (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) பார்ஸ் செய்து, அதாவது ஜேசனாகப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் சேமிக்கிறேன். இப்போது எல்லா முறையிலும் வேலை செய்கிறது.

கூடவே இன்னொன்றும் சரியானது. சர்வரிலிருந்து புதுத் தரவு வரும்போதெல்லாம் ட்ரீயில் விரித்து வைத்த கிளைகள் மூடிக்கொண்டிருந்தன. தரவை எடிட்டரில் ஏற்ற, செட் என்ற கட்டளைக்குப் பதில் அப்டேட் போட்டதும் விரித்தது விரித்தபடியே நிற்கிறது.

மிச்சம் ஒரு தலைவலி: 9007199254740991-ஐத் தாண்டும் ஐடி எண்களின் கடைசி இலக்கம் மாறிவிடுகிறது. இது எடிட்டரின் குற்றமில்லை, ஜாவாஸ்கிரிப்ட் எண்களின் எல்லை. ஐடிகளை எண்ணாக இல்லாமல் சரமாகவே அனுப்பும்படி ஏபிஐயை (சர்வர் தரவைத் தரும் இடைமுகம்) மாற்றிக்கொண்டிருக்கிறேன்.