மசோதா சப்ஜெக்ட் கமிட்டிக்குப் போனபின் எதையாவது மாற்ற முடியுமா?

தேவிகுளத்தான்

லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு), பட்டயம் (நிலப் பட்டா), வன எல்லை என்று நம் இடுக்கிப் பக்கத்து விஷயமாக ஒரு மசோதா திருவனந்தபுரத்தில் வந்தால், சட்டமன்றத்தின் துறைவாரிக் குழுவான 'சப்ஜெக்ட் கமிட்டிக்கு அனுப்பப்பட்டது' என்று பேப்பரில் ஒரு வரி வருகிறது. அடுத்து வருவது 'நிறைவேறியது' என்ற செய்திதான். நடுவில் என்ன நடக்கிறது? கமிட்டி நிஜமாகவே திருத்துகிறதா, சும்மா சடங்கா? ஒரு தொழிலாளர் சங்கம் மனு கொடுப்பதானால் யாருக்கு, எப்போது, எந்த வடிவில் கொடுக்க வேண்டும்? தமிழில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? கட்சிச் சண்டை வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மணி

சடங்கு இல்லை தம்பி. ஆனால் டெல்லிக் கமிட்டியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டும் வேறு வேறு.

நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர் உறுப்பினராக முடியாது. குழு அறிக்கை கொடுக்கும், ஆனால் மசோதாவின் வாசகத்தில் கை வைக்காது. அரசு விரும்பினால் பரிந்துரையை ஏற்கும், இல்லையென்றால் விட்டுவிடும். மசோதாவை அந்தக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றும் கிடையாது. 15வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17வதில் சுமார் 16 சதவீதம்தான்.

கேரளத்தில் சப்ஜெக்ட் கமிட்டி 1980ல் வந்தது. அப்போது 10, இப்போது 14. இங்கே மசோதா அறிமுகமானதும் கமிட்டிக்குப் போவதுதான் வழக்கம், போகாமலிருப்பது விதிவிலக்கு. சம்பந்தப்பட்ட அமைச்சரே தலைவர். முக்கியமான வித்தியாசம் இதுதான்: கமிட்டி ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்தி, 'கமிட்டி அறிக்கை செய்தபடி' என்று மசோதாவையே புதிதாக அச்சடித்துத் திருப்பி அனுப்பும். சபை விவாதிப்பது அந்தத் திருத்தப்பட்ட வாசகத்தை. ஆகவே கமிட்டிக்குள் ஒரு சொல் மாறினால் அது சட்டத்துக்குள் போக வாய்ப்பு அதிகம். சபையில் எதிர்க்கட்சி கொண்டுவரும் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் விழுவதுதான் வாடிக்கை.

அமைச்சர் தலைவர் என்பதால் இரண்டு விளைவு. அவர் ஒப்புக்கொண்டால் அங்கேயே காரியம் முடிந்துவிடும், மறுபடி துறைக்கு அலைய வேண்டியதில்லை. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கமிட்டியில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, எதிர்க்கட்சி உறுப்பினர் தனக்கு ஒப்புதல் இல்லை என்று மாறுபாட்டுக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். அந்தக் குறிப்பு அறிக்கையோடு அச்சாகும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பின்னால் வழக்கோ திருத்த மசோதாவோ வரும்போது, ஆட்சேபம் எந்த இடத்தில் எழுந்தது என்று காட்ட அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.

பலவீனம் நேரம். ஒரே கூட்டத்தொடரில் அறிமுகம், கமிட்டி, நிறைவேற்றம் எல்லாம் நடக்கும் மசோதாக்களுக்குக் கமிட்டியில் கிடைப்பது ஒன்றிரண்டு அமர்வுதான். வெளி ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்க நேரமிருக்காது. பெரிய மசோதா என்றால் அந்த ஒரு மசோதாவுக்கென்றே தேர்வுக் குழு போடுவார்கள். பொதுச் சுகாதார மசோதா 2021ல் அறிமுகமாகித் தேர்வுக் குழுவுக்குப் போய், வெளி மாவட்டங்களில் அமர்ந்து கருத்துக் கேட்டு, 2023 மார்ச்சில்தான் நிறைவேறியது. அந்த வேகத்தில் போனால்தான் சங்கங்கள் நேரில் பேச முடியும்.

கம்பம்மெட்டு ரோடு

மணி அண்ணன் சொன்னதோடு இந்தப் பக்கத்து நிலவரத்தையும் ஒட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் மசோதாவைத் தானாகக் கமிட்டிக்கு அனுப்பும் பழக்கம் இல்லை. மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு, உறுதிமொழிக் குழு எல்லாம் இருக்கின்றன. அவை பார்ப்பது செலவையும் அமைச்சர்கள் கொடுத்த வாக்கையும். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். கமிட்டியில் ஒரு வாரம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய சண்டை அது. நிறைவேறிய பிறகு தெருவில் நடந்தது.

ஏலத்தோட்டம்

கமிட்டி என்றாலே மக்களுக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது, தோழரே. டெல்லியில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு மசோதா 2019ல் வந்தபோது, ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதற்கான வரம்பு 100 தொழிலாளர். அதை 300 ஆக்கி சட்டத்திலேயே எழுதச் சொன்னது தொழிலாளர் நிலைக்குழுதான். 2020 செப்டம்பரில் பழையதை வாபஸ் வாங்கிப் புதிய மசோதாவை 300 என்று கொண்டுவந்தார்கள். அது மறுபடி குழுவுக்குப் போகவில்லை. எதிர்க்கட்சிகள் புறக்கணிப்பில் இருந்தன, 22ம் தேதி மக்களவை, 23ம் தேதி மாநிலங்களவை என்று முடிந்தது. குழுவில் நம் தரப்பு பேசப்படாவிட்டால் எதிர்த் தரப்பு பேசியது அறிக்கையில் ஏறும்.

இன்னொன்று. கமிட்டிக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு கதவு இருக்கிறது, நம் ஆட்கள் இரண்டையும் விட்டுவிட்டு நடுக்கதவில் முட்டுகிறார்கள்.

முன்கதவு கெசட், அதாவது அரசிதழ். கேரள வன (திருத்த) மசோதாவின் வரைவு 2024 நவம்பரில் கெசட்டில் வந்தது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரத்தை எதிர்த்து மலையோர விவசாயிகள் கிளம்பினார்கள். 2025 ஜனவரியில் அரசே பின்வாங்கியது. சபைக்குள் நுழையும் முன்பே முடிந்த விஷயம்.

பின்கதவு விதிகள், அதாவது சட்டம் வந்தபின் அரசு தனியாக வகுப்பவை. நம் இடுக்கிக்காரர்களுக்கு இது தலைவலியான பாடம். நிலப்பதிவுத் (அரசு நிலத்தைப் பட்டயம் போட்டு ஒப்படைப்பது) திருத்த மசோதா 2023 செப்டம்பரில் நிறைவேறியது, ஆளுநர் கையெழுத்து 2024 ஏப்ரலில் வந்தது. அதோடு முடிந்ததா? பட்டய நிலத்தில் கட்டிய கடை, கட்டிடம் எதை முறைப்படுத்தலாம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் விதிகளில்தான். விதிகள் வரும்வரை சட்டம் இருந்தும் பயனில்லை. மசோதாவின் பின்னால் 'சார்நிலைச் சட்டமியற்றல் குறிப்பு' என்று ஒரு பக்கம் இருக்கும். எந்தெந்தப் பிரிவு விதிகளுக்கு விடப்பட்டிருக்கிறது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். முக்கியமான விஷயம் அந்தப் பக்கத்தில் ஒளிந்திருந்தால், 'இதை விதிக்கு விடாதே, சட்டத்திலேயே எழுது' என்பதுதான் உங்கள் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

தேவிகுளத்தான்

நன்றி. மனு வடிவம், மொழி பற்றி யாராவது?

கொழிஞ்சாம்பாறை மணி

'தொழிலாளர்களை வெகுவாகப் பாதிக்கும், அரசு கனிவுடன் பரிசீலிக்க வேண்டும்' என்று மூன்று பக்கம் எழுதினால் அது கோப்பில் தூங்கும். கமிட்டி கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேண்டியது வாசகம். இப்படி எழுதுங்கள்: 'பிரிவு 7, உட்பிரிவு 2, மூன்றாம் வரியில் "முப்பது நாட்களுக்குள்" என்பதற்குப் பதிலாக "தொண்ணூறு நாட்களுக்குள்" என்று மாற்றவும்.' கீழே இரண்டு வரியில் காரணம். ஒரு பிரிவுக்கு ஒரு தாள். ஐந்து திருத்தத்துக்கு மேல் வேண்டாம், அதிகமானால் முக்கியமானது எது என்று அவர்களுக்குத் தெரியாது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. திருத்த மசோதா என்றால், அது தொட்டிருக்கும் பிரிவுகளில்தான் திருத்தம் கேட்க முடியும். மூலச் சட்டத்தில் அது தொடாத பிரிவைப் பிடித்துக்கொண்டு 'இதையும் மாற்று' என்றால் வரம்புக்கு வெளியே என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் மூலச் சட்டத்தையும் மசோதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

யாருக்கு என்றால்: அமைச்சருக்கு ஒன்று, சட்டமன்றச் செயலகத்துக்கு ஒன்று. அதைவிட முக்கியம் அந்தக் கமிட்டியில் இருக்கும் இரண்டு உறுப்பினர்கள், ஆளும் தரப்பில் ஒருவர், எதிர்த் தரப்பில் ஒருவர். உங்கள் தொகுதி எம்எல்ஏ அந்தக் கமிட்டியில் இல்லாவிட்டால் அவர் வழியாக இவர்களைப் பிடியுங்கள். உறுப்பினர் யார் யார் என்பது நியமசபா (கேரள சட்டமன்ற) இணையதளத்தில் இருக்கிறது. அறிமுகத்துக்குப் பிறகு எழுத ஆரம்பித்தால் தாமதம். வரைவு கிடைத்த அன்றே தாள் தயாராக வேண்டும்.

தமிழ்: குறை தீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசமைப்பின் 350வது பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் கொடுக்கிறது. ஆகவே மனுவும் காரணமும் தமிழில் இருக்கட்டும். திருத்த வாசகத்தை மட்டும் மசோதா அச்சாகியிருக்கும் மொழியிலேயே எழுதி மேலே வையுங்கள். எடுத்து அப்படியே ஒட்டிக்கொள்ளும்படி இருந்தால்தான் ஒட்டுவார்கள்.

கம்பம்மெட்டு ரோடு

ஒரு சின்னச் சேர்க்கை. மசோதாவோடு நிதிக் குறிப்பும் வரும். உங்கள் திருத்தத்தால் அரசுக்குச் செலவு கூடுமென்றால் கமிட்டியில் முதல் கேள்வி அதுதான். லயம் பழுதுபார்ப்பு போன்றவற்றில் செலவு யார் தலையில், எஸ்டேட் நிர்வாகமா அரசா என்று உங்கள் தாளிலேயே எழுதிவிடுங்கள்.