முன்வீல்ல கறுப்புத் தூசி, செராமிக் பிரேக் பேட் மாத்துன அனுபவம் – உங்களுதையும் சொல்லுங்க

மன்னை டீசல்:

எல்லாருக்கும் வணக்கம். நம்மகிட்ட இருக்குறது 2016 மாடல் ஐரோப்பாக் கம்பெனி டீசல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டுல எடுத்தது, இப்ப 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. எடுத்த நாள்லேர்ந்து ஒரே தொல்லை, ஞாயித்துக்கிழமை அலாய் வீலைத் தேச்சுக் கழுவி வச்சா வியாழக்கிழமைக்குள்ள முன்னாடி ரெண்டும் அடுப்புக்கரி பூசுன மாதிரி ஆயிடும், பின்னாடி ரெண்டும் அப்படியே பளிச்சுன்னு இருக்கும். மொதல்ல ரோட்டுப் புழுதின்னுதான் நெனச்சேன். அறுப்பு நேரத்துல டிராக்டரும் அறுவடை மெஷினும் வயல்லேர்ந்து நேரா தார் ரோட்டுல ஏறி சேத்தை இழுத்துக்கிட்டு வரும், காஞ்சா அத்தனையும் புழுதிதான், ஆனா அது ஈரத்துணி போட்டா வந்துடும். இது வரல. வெரல்ல ஒட்டுன கறுப்பு சோப்பு போட்டும் போகல. பையனோட ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலித்தீன் கவர்ல சுத்தி வீல்கிட்ட கொண்டு போனேன், பொடி முள்ளு முள்ளா எழுந்து கவர்ல ஒட்டிக்கிச்சு. அப்பதான் புரிஞ்சுது அது மண்ணு இல்ல, இரும்பு.

விஷயம் என்னன்னா வீலோட சேந்து சுத்துற நம்ம பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு, அத ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிறதுதான் பேடு. ஐரோப்பா வண்டிங்க நெறையத்துக்கு கம்பெனியிலயே இரும்பு நார் கலந்த லோ மெட்டாலிக் பேடுதான் வரும், பிடி நல்லா இருக்கும், ஆனா அது தானும் தேஞ்சு டிஸ்க்கையும் சேத்துத் தேய்க்கும். அந்தத் துகள் சூடா பறந்து வீல் மேல ஒக்காந்துக்கும், ராத்திரி பனி எறங்குனா அங்கேயே துருப்பிடிச்சு லேக்கர் கோட்டுல, அதாவது வீலோட மேல்பூச்சுல, பதிஞ்சுடும். பின்னாடி மூடுன டிரம் பிரேக்குங்குறதால தூசி உள்ளயே கெடக்கும், வெளிய தெரியாது. செராமிக் பேடுல இரும்பு நார் கெடையாது, செராமிக் நாரும் கொஞ்சம் செம்பு மாதிரி வேற உலோகமும் இருக்கும், தூசி கம்மி, வர்றதும் வெளுத்த நெறத்துல வரும், அதனால கண்ணுல படாது. சரி மாத்திடுவோம்னு முடிவு பண்ணி 3,800 ரூவாய்க்கு முன் செட்டு வாங்கிட்டேன்.

மாட்டுனது பக்கத்துல ஒரு கடையில. முக்கா மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க, பழசக் கழட்டி, பேட அழுத்துற பிஸ்டனை உள்ள தள்ளி புதுசச் சொருகி, அவ்வளவுதான். ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா வலது வீலு சுத்தமா இருக்கு, எடது வீலு பழையபடி கறுப்பு. பேடுதான் போலின்னு நெனச்சு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். அங்கதான் நான் தப்பு பண்ணேன், ரெண்டு வீலுக்கும் ஒரே பெட்டியிலேர்ந்து போட்ட பேடு, ஒரு பக்கம் மட்டும் தூசி வந்தா கோளாறு பேடுல எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கணும்.

தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்ச நேரம், நீடாமங்கலம் போற வழியில ரோட்டுல பாதிக்கு நெல்லு காய வச்சு ஓரத்துல கல்லு அடுக்கியிருந்தாங்க, நான் மீதிப் பாதியில 50-ல போறேன், வாய்க்கா மதகுலேர்ந்து வாத்துக் கூட்டம் சடார்னு மேல ஏறிடுச்சு, ஒரு எரநூறு உருப்படி இருக்கும், மேய்க்குற பெரியவர் குச்சிய ஒசத்திக்கிட்டு ஓடி வர்றாரு. பிரேக்க அழுத்துனேன். வண்டி நேரா நிக்கல, வலது பக்கம் இழுக்குது, ஸ்டியரிங்க எடது பக்கம் ஒடிச்சா நெல்லு மேல ஏறிடும். காஞ்ச நெல்லு மேல டயர் ஏறுனா கோலிக்குண்டு மேல நடக்குற கதைதான், எந்த பேடு போட்டும் ஒண்ணும் ஆவாது. எப்படியோ நின்னுது, ஒரு வாத்துக்கும் அடியில்ல, ஆனா எனக்கு கை நடுங்கிடுச்சு. எறங்கி வீல்கிட்ட கைய கொண்டு போனா எடது பக்கம் அனல் அடிக்குது, வலது பக்கம் சாதாரணமா இருக்கு.

அடுத்த நாளே கும்பகோணத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட விட்டேன், முப்பது வருஷமா பிரேக் வேலை மட்டும் பாக்குறவரு. அவரு பேட தொடவே இல்ல. முன்னாடி ரெண்டு பக்கமும் ஜாக்கி போட்டுத் தூக்கி வீலக் கையால சுத்தி விட்டாரு. வலது பக்கம் ஒண்ணரை சுத்து சுத்துச்சு, எடது பக்கம் அரை சுத்துலயே உஸ்ஸுன்னு நின்னுடுச்சு. "தம்பி, காலிப்பர் பின்னு பிடிச்சிருக்கு"ன்னாரு. காலிப்பர்ங்குறது பேட டிஸ்க்குல அழுத்துற கவ்வி. கழட்டுனா கீழ் பின்ன மூடியிருக்குற ரப்பர் உறை, பூட்டுன்னு சொல்வாங்க, அது கிழிஞ்சு, போன மழையில தண்ணி நின்ன ரோட்டுல ஓட்டுன சேறு உள்ள போயி, பின்னு துருவுல பத்திக்கிட்டு நகரவே இல்ல. காலிப்பர் அந்த ரெண்டு பின்னு மேலதான் வழுக்கிக்கிட்டு வந்து வெளிப்பக்கப் பேட டிஸ்க்குல அழுத்தணும், அது நகரலன்னா உள்பக்கப் பேடு ஒண்ணே முழு வேலையும் பாக்கும், கால எடுத்த அப்பறமும் உரசிக்கிட்டே கெடக்கும். மூணு மாசத்துப் பேடு, உள்பக்கம் பாதிக்கு மேல தேஞ்சு ஆப்பு மாதிரி சாஞ்சு கெடக்கு, வெளிப்பக்கம் புதுசாட்டம் இருக்கு. எடது வீல்ல மட்டும் தூசி, சூடு, பிரேக் போட்டா வலது பக்கம் இழுப்பு, எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒரு பின்னு. புது பின்னு, பூட்டு கிட்டு 450 ரூவா.

சாதா கிரீஸ் போடாதீங்க, அதுல இருக்குற எண்ணெய் ரப்பர ஊத வச்சுடும், சிலிகான் கிரீஸ்தான் போடணும்னு அவரு எனக்கு ரெண்டு தடவ சொன்னாரு, நானும் உங்களுக்குச் சொல்றேன்.

டிஸ்க்க மைக்ரோமீட்டர் வச்சு அளந்தாரு, 19.2 எம்.எம். புதுசுல 22, மினிமம் 19-னு டிஸ்க் மேலயே வெட்டியிருக்கு, பாத்துக்கலாம். ஓரத்துல நெகத்துல தடவுனா வரப்பு மாதிரி ஒரு மேடு. அந்த டிஸ்க் மேல புதுப் பேடு எப்படி முழுசா ஒக்காரும்? ரெண்டு டிஸ்க்கும் மாத்தியாச்சு, பேடும் இன்னொரு செட்டு. அப்பறம் பிரேக் ஆயில் மூடியத் தொறந்தா உள்ள டிகாக்ஷன் கலரு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், நம்ம பக்கம் ஈரக்காத்துக்குக் கேக்கவே வேணாம். டாட் 4-ங்குற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை கொறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் ஏறுனா 155 வரைக்கும் எறங்கிடும், டாட் 3-ன்னா 205-லேர்ந்து 140. மலையில எறங்கும்போது அது கொதிச்சா பைப்புல ஆவி நிக்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, செலவு ஆயிரத்துக்குள்ளதான்.

கடைசியா பெட்டிங், அதாவது புதுப் பேட டிஸ்க்கோட பழக்கி எடுக்குறது. இத முதல் கடையில யாரும் சொல்லவே இல்ல. விடிகாலை அஞ்சு மணிக்கு தஞ்சாவூர் பைபாஸ்ல பின்னாடி யாரும் வரலன்னு பாத்துக்கிட்டு 60-லேர்ந்து 15-க்கு கொஞ்சம் அழுத்தமா கொறைக்கணும், முழுசா நிக்கக் கூடாது, மறுபடி 60, இப்படி பத்து தடவ, அப்பறம் பிரேக் அதிகம் தொடாம பத்து நிமிஷம் ஓட்டி ஆற விடணும். பேடோட ஒரு மெல்லிசான படலம் டிஸ்க் பூரா சமமா ஒட்டணும், பிடி அதுலதான் வருது. ஆறாம வண்டிய நிறுத்திப் பெடல மிதிச்சுக்கிட்டே நின்னா ஒரே எடத்துல திட்டா ஒட்டி அப்பறம் பெடல் அதிரும்.

இப்ப மூணு வாரத்துக்கு ஒருக்கா கழுவுனா போதும். காலையில முதல் ரெண்டு பிரேக் மட்டும் பழைய பேடு அளவுக்குக் கடிக்காது, அது உண்மை, சொல்லிடணும். நிக்குற தூரம் ரொம்பக் கொறைஞ்சுடுச்சுன்னும் சொல்ல மாட்டேன், அது டயர் கையில இருக்கு, ஏற்கனவே ஏபிஎஸ் (வீல் பூட்டிக்காம தடுக்குற அமைப்பு) வேலை செய்யுற அளவுக்கு பிடி இருக்குற வண்டியில இன்னும் பெரிய பிரேக் போட்டு ரோட்டுல என்ன ஆயிடப் போவுது. ஆனா நேரா நிக்குது. எனக்கு அதுதான் வேணும்.

வேளாங்கண்ணி வண்டி:

அண்ணே நான் டூரிஸ்ட் கார் ஓட்டுறேன், நாகப்பட்டினம் வேளாங்கண்ணிதான் தெனமும். எங்க பக்கம் உப்புக்காத்து, ராத்திரி நிப்பாட்டி காலையில பாத்தா டிஸ்க் பூரா காவி பூசுன மாதிரி துரு, முதல் பிரேக்குல கர்ருன்னு சத்தம் வந்து போயிடும், அது சாதாரணம், பயப்பட வேணாம். நான் பண்ண தப்பு என்னன்னா பாக்க நல்லா இருக்குன்னு ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கி மாட்டுனேன். ஒரு மழைக்காலம் தாண்டுச்சு, ஓட்டைக்குள்ள துருவும் சேறும் அடைச்சு, ஒரு ஓட்டையிலேர்ந்து மயிரிழை மாதிரி கீறல் கெளம்பிடுச்சு. கழட்டிட்டு சாதா டிஸ்க்கே போட்டுட்டேன். இன்னொண்ணு, வாட்டர் வாஷ்ல வீலுக்கு ஆசிட் அடிக்க விடாதீங்க, என் மச்சான் வண்டியில லேக்கர் கோட்டு வெள்ளை வெள்ளையா பூத்துப் போச்சு. இரும்புத் துகளுக்குன்னு தனி ஸ்பிரே இருக்கு, அடிச்சா ஊதா கலர்ல வழியும், அது போதும். வீல் சூடா இருக்கும்போது தண்ணியே அடிக்காதீங்க.

பாபநாசம் டீச்சர்:

நான் ஒண்ணு சொல்லணும், யாரும் இதச் சொல்லல. பேட் மாத்தி வண்டிய வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க, டோ பண்ணி வந்ததால நடுவுல யாரும் ஓட்டிப் பாக்கல. நான் ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் எடுத்துப் பிரேக்க மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போவுது, பிடிக்கவே இல்ல. நல்லவேளை பின்னாடி வைக்கப்போருதான் இருந்துச்சு, அதுல போய் நின்னுது, அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் எங்க மாமியார் அங்கதான் ஒக்காந்திருந்தாங்க. பிஸ்டனை உள்ள தள்ளுன அப்பறம் பெடல நாலஞ்சு தடவ மிதிச்சுக் கெட்டியாக்கணுமாம், அது செய்யல. இப்ப எந்த வேலைக்கு விட்டு வந்தாலும் எஞ்சின் போட்டதும் கியர் போடறதுக்கு முன்னாடி நான் பெடல மிதிச்சுப் பாத்துடுவேன். நீங்களும் பாருங்க.

மன்னை டீசல்:

டீச்சர், ரொம்ப முக்கியமான விஷயம் சொன்னீங்க, நன்றி. போன மாசம் கொல்லிமலை போயிட்டு வந்தோம், 70 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்லயே எறங்குனேன், பிரேக்க விட்டு விட்டுத்தான் தொட்டேன், பெடல் கடைசி வளைவு வரைக்கும் அதே கெட்டி. கீழ எறங்கி நிறுத்தி ரெண்டு முன்வீல்கிட்டயும் கைய காட்டிப் பாத்தேன், ரெண்டு பக்கமும் ஒரே சூடு.