பெரிய வீடு குழு: வாசல் நிலையைச் சுற்றிப் பூச்சு

செல்வி: வாசல் கதவு நேற்று மாட்டியாச்சு. ஆசாரி வேலை முடிந்தது. ஆனால் நிலையைச் சுற்றி வெளிச்சுவர் இப்படி இருக்கிறது.

செல்வி: (3 படங்கள்)

விஜயா சித்தி: ஐயோ

பாபு: சுவரையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா அக்கா?

செல்வி: பழைய நிலையைக் கரையான் அரித்திருந்தது. கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க முடிந்தது. இடப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு கொட்டிவிட்டது. மேல்மூலைப் பொந்தில் என் கை முழுதாக நுழைகிறது.

செல்வி: வெள்ளிக்கிழமை பந்தக்கால். கொத்தனார் நாளைக்கே வந்து சிமெண்ட் பூசித் தருகிறேன் என்கிறார். சரி சொல்லிவிடட்டுமா?

மூர்த்தி சித்தப்பா: சொல்லிவிடு.

கலா அத்தை: பழைய கதவு எங்கே?

ராமு பெரியப்பா: யாரும் சரி சொல்ல வேண்டாம். நான் எழுதுகிறேன்.

பாபு: பொதுப்பணித்துறை எழுதுகிறது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ராமு பெரியப்பா: செல்வி, அது சிமெண்ட் சுவர் இல்லை. தாத்தா கட்டியது சுண்ணாம்புக் காரை. உன் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார், உடைந்த ஓரத்தில் மிளகளவு வெள்ளைக் கட்டிகள் தெரிகின்றன. நகத்தால் சுரண்டினால் உதிரும். அதன் பக்கத்தில் வெறும் சிமெண்டை அப்பினால் அது மட்டும் கல்லாக இறுகிவிடும், காரை மென்மையாகவே இருக்கும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் இரண்டும் ஒரே மாதிரி அசையாது. சேருகிற ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். நம் வாசல் கிழக்குப் பார்த்தது, ஐப்பசிச் சாரல் நேராக அங்கேதான் அடிக்கும். உள்ளே இறங்கிய தண்ணீர் சிமெண்ட் வழியாகச் சுலபத்தில் வெளியே வராது, பக்கத்துக் காரை வழியாக வரும். உப்புப் பூத்துப் பொரிந்து அதுவும் கொட்டும். கிணற்றடிச் சுவரில் நடந்தது இதுதான்.

மூர்த்தி சித்தப்பா: கிணற்றடிச் சுவரைப் பூச வைத்தது நான். நேராகவே சொல்லலாம்.

ராமு பெரியப்பா: நான் சுவரைத்தான் சொன்னேன்.

விஜயா சித்தி: கல்யாண வீடு. கிணற்றை விடுங்கள் இரண்டு பேரும்.

கலா அத்தை: கதவு எங்கே என்று கேட்டேன்.

செல்வி: மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது அத்தை. பெரியப்பா, அப்படியென்றால் என்னதான் பூசச் சொல்வது?

ராமு பெரியப்பா: வெறும் சுண்ணாம்பும் இப்போது ஆகாது. அது காற்றுப் பட்டு மெல்ல மெல்லத்தான் இறுகும், அடைமழைக்குள் தேறாது. சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. இதுதான் கலவை. கொத்தனார் 1:4, அதாவது சிமெண்ட் 1, மணல் 4 போட்டால்தான் பிடிக்கும் என்பார். விட்டுக்கொடுக்காதே.

தினேஷ்: துபாயிலிருந்து டிக்கெட் போட்டாச்சு. 14ஆம் தேதி காலை திருச்சி. யார் வருகிறீர்கள் கூப்பிட?

பாபு: நான் வருகிறேன்டா. பத்திரிகை பார்த்தாயா?

தினேஷ்: பார்த்தேன். சேகர் மாமா பெயரைக் காணோமே?

விஜயா சித்தி: என்னது?

செல்வி: அச்சகத்தில் ஒரு வரி விட்டுவிட்டார்கள் சித்தி. திருத்தி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

விஜயா சித்தி: தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையா? அண்ணன் இந்தக் குழுவில் இல்லையே, அந்த மட்டும் பிழைத்தோம். யாரும் அனுப்பி வைக்காதீர்கள்.

ராமு பெரியப்பா: நான் முடிக்கவில்லை. முதலில் கரண்டிக் காம்பால் சுற்றிலும் தட்டிப் பார்க்கச் சொல். எங்கே பொக்கென்று சத்தம் கேட்கிறதோ அதுவரை கொத்தி எடுக்க வேண்டும். ஓரத்தைச் சரிவாக விடாமல் நேராக வெட்டட்டும், மெல்லிய ஓரம்தான் முதலில் உரியும். தூசியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு முதல்நாள் சாயங்காலமே சுவரை நனைத்துவிடு. காய்ந்த செங்கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு பொருக்குத் தட்டும். மேல்மூலைப் பொந்தை ஒரே அப்பில் அடைக்கக் கூடாது. செங்கல் சில்லும் கலவையும் வைத்து அடைத்து, அது இறுகிய பிறகு மேல்பூச்சு, 12 மி.மீ. போல ஒரு படை. அடைக்கும் முன் உள்ளே கரையான் மருந்து அடிக்க மறக்காதே, பழைய புற்று மண் அங்கே இன்னும் இருக்கும்.

பாபு: படித்தேன். பாதி.

மூர்த்தி சித்தப்பா: அண்ணா, ஒரு நிலைக்கு இவ்வளவா? கொத்தனார் கூலி ஒரு நாளா மூன்று நாளா? கதவுக்குக் கொடுத்தது போதாதா நான்?

ராமு பெரியப்பா: கூலியை நான் தருகிறேன்.

மூர்த்தி சித்தப்பா: பணத்துக்காகச் சொல்லவில்லை.

விஜயா சித்தி: பிறகு எதற்காக?

மூர்த்தி சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

தினேஷ்: நான் படிப்பதற்குள் நீக்கிவிட்டீர்களே சித்தப்பா

செல்வி: பெரியப்பா, மரமும் பூச்சும் சேரும் இடத்தை அப்படியே பூசிவிடலாமா?

ராமு பெரியப்பா: நல்ல கேள்வி. கூடாது. மழைக்கு மரம் உப்பும், கோடைக்குச் சுருங்கும். பூச்சு அதோடு போகாது. நிலையை ஒட்டி 6 மி.மீ. இடைவெளி விட்டுப் பூசச் சொல். பூச்சு காய்ந்ததும் அதில் ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட் வைக்க வேண்டும். மேலே வண்ணம் பிடிக்கும் ரகமா என்று கேட்டு வாங்கு, சாதாரண சிலிகான் மேல் பெயிண்ட் நிற்காது.

விஜயா சித்தி: கல்யாணத்தன்று வாசல் திட்டுத் திட்டாக நிற்குமா? சம்பந்தி வீட்டார் பார்க்க மாட்டார்களா? அந்த வாசலில்தான் ஆரத்தி எடுக்க வேண்டும்.

ராமு பெரியப்பா: பெயிண்ட் இப்போது வேண்டாம், பூச்சுக்கு நாலு வாரமாவது போகட்டும். வெள்ளையடிக்கலாம். சுண்ணாம்பு ஈரச் சுவரிலும் பிடிக்கும், சுவர் மூச்சுவிடுவதைத் தடுக்காது. அடியில் காவிப்பட்டை இழுத்துவிட்டால் கல்யாணக் களையே வந்துவிடும்.

விஜயா சித்தி: அது அழகாக இருக்கும். அத்தை இருந்தபோது பொங்கலுக்கு அப்படித்தான்.

கலா அத்தை: அம்மாதான் அந்தக் கதவுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைப்பாள். மேல்பலகையில் கஜலட்சுமி இருக்கிறாள். அதையும் கரையான் தின்றுவிட்டதா?

செல்வி: இல்லை அத்தை. நிலையின் கால்கள் இரண்டும்தான் போயின. மேல்பலகை தேக்கு, அப்படியே இருக்கிறது. யானைத் துதிக்கையில் குங்குமம்கூட இன்னும் ஒட்டியிருக்கிறது.

மூர்த்தி சித்தப்பா: மரவாடிக்காரர் விலை கேட்டிருக்கிறார். நல்ல விலை.

கலா அத்தை: யாரைக் கேட்டு?

ராமு பெரியப்பா: மூர்த்தி, இது எனக்கும் தெரியாதே.

மூர்த்தி சித்தப்பா: கேட்டார் என்றுதான் சொன்னேன். கொடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

கலா அத்தை: ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை பலகையை யாரும் தொடக் கூடாது. செல்வி, நீ பொறுப்பு.

செல்வி: சரி அத்தை

பாபு: அத்தை, ஞாயிறு வந்தால் என்னையும் திருவாரூரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

செல்வி: கொத்தனாரிடம் பேசினேன். 1:1:6 என்றதும் சிரித்தார். சுண்ணாம்பு வாங்கித் தந்தால் போடுகிறேன், கெட்டியாக இருக்கும் என்று மட்டும் எழுதித் தர மாட்டேன் என்கிறார். நாளைக்குக் கொத்திவிட்டுப் பொந்தை அடைக்கட்டும், மேல்பூச்சைப் பந்தக்கால் நட்ட பிறகு பார்க்கலாமா?

ராமு பெரியப்பா: சரி. நாளைக்குப் பொந்தை அடைத்ததுமே தார்ப்பாய் கட்டிவிடு, சாரல் பச்சைக் கலவையைக் கரைத்துவிடும். மேல்பூச்சுக்கும் அப்படித்தான். ஏழு நாளாவது ஈரச் சாக்கு போட வேண்டும்.

மூர்த்தி சித்தப்பா: பந்தக்கால் நடும்போது தார்ப்பாயா?

விஜயா சித்தி: அந்த ஒரு மணி நேரம் அவிழ்த்துக்கொள்ளலாம்.

செல்வி: சுண்ணாம்பு எத்தனை கிலோ, யார் வாங்கி வருவது?

தினேஷ்: வெற்றிலைக் கடையில் கிடைக்குமே

ராமு பெரியப்பா: டேய். நான் காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் வரும்வரை கலவை போட வேண்டாம்.

செல்வி: கொத்தனார் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாரே பெரியப்பா?

விஜயா சித்தி: அவருக்குக் காபி கொடுத்து உட்கார வை. மூர்த்தி, அச்சகத்துக்கு நீங்கள் ஒரு போன் போடுங்கள்.

மூர்த்தி சித்தப்பா: பார்க்கிறேன்.